குறையவே குறையாத ஆயில்: ஏற்காட்டுப் பிக்கப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

"நம்ம வண்டி ஆயிலே குடிக்கிறதில்லீங்க தம்பி. போன தடவை நீங்க ஊத்துனதுக்கு இப்ப கூடத்தான் இருக்கு."

நாகலூர் பக்கத்து அண்ணன் ஒருவர் இதைப் பெருமையாகச் சொன்னார். கேட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது. டீசல் இன்ஜினில் ஆயில் கொஞ்சம் குறையலாம், ஊற்றிய அளவிலேயே நிற்கலாம். ஏறக் கூடாது. ஏறுகிறது என்றால் உள்ளே வேறு ஏதோ கலக்கிறது. ஒன்று ரேடியேட்டர் தண்ணீர், இல்லாவிட்டால் டீசல்.

அவர் வந்தது வேறு புகாருக்கு. லோடோடு ஏறும்போது எட்டாவது கொண்டை ஊசிக்கு மேல் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம்) விசில் சத்தம் முன்னைவிட அதிகம், டேஷ்போர்டில் புகை ஃபில்டர் விளக்கு அடிக்கடி எரிகிறது. "ஆயில் சரியில்லையோ? 20டபிள்யூ-50 போட்டுப் பாக்கலாமா?" என்பது அவர் கேள்வி. அது இன்னும் கெட்டியான ஆயில், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சேலம் கோரிமேட்டில் எனக்குச் சின்ன ஒர்க்‌ஷாப். வருகிற வண்டிகளில் பாதி மலை ஏறி இறங்குகிறவை. அதனால் இந்த ஒரு வண்டியை ஒரு வருடம் நோட்டுப் போட்டுப் பார்த்தேன். இதில் வரும் தப்புகளில் இரண்டு என் ஒர்க்‌ஷாப்பில் நடந்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் பிழைப்பு

2021இல் வாங்கிய, பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டர்போ டீசல் பிக்கப். இந்தப் புகாரோடு என்னிடம் வந்தபோது 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஃபில்டரோடு சேர்த்து ஆறு லிட்டர் ஆயில் பிடிக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் மிளகு, காப்பிக் கொட்டை, ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு வரும். திரும்பும்போது உரமோ அரிசியோ. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். இடையில் 20 கொண்டை ஊசி வளைவு. பார்ப்பவர்கள் இந்த ஏற்றம்தான் இன்ஜினைக் கொல்கிறது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மீதி நாளெல்லாம் வண்டி எஸ்டேட்டுக்குள்தான். கார்த்திகையில் தொடங்கித் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், பறிக்கிற இடத்துக்கும் பழத்தோல் உரிக்கும் பல்பர் ஷெட்டுக்கும் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நடை. ஒரு நடை இரண்டு, மூன்று கிலோமீட்டர். முதல் கியர், இரண்டாம் கியர், போய் நிறுத்து, மூட்டையை இறக்கு, திரும்பு. இன்ஜின் முழுசாகச் சூடாவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள்.

கடைசியாக ஆயில் மாற்றியது நான்தான். பேரலில் இருந்த 15டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தனத்தைச் சொல்லும் எண்), சிஐ-4 பிளஸ் (தரத்தைச் சொல்லும் குறி) ரகம். லாரிக்கும் பழைய ஜீப்புக்கும் பல வருடமாக ஊற்றி நல்ல பெயர் வாங்கிய ஆயில். பழக்க தோஷத்தில் இதற்கும் அதையே ஊற்றிவிட்டேன். அது முதல் தப்பு.

அதில் என்ன தப்பு என்றால், 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அதில் படிகிற கரியை வண்டியே அவ்வப்போது சூடேற்றி எரித்துக்கொள்ளும். ஆனால் ஆயிலில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் சேர்ந்த மருந்துகள் எரிந்தால் சாம்பலாக மிஞ்சும். விறகடுப்பு மாதிரிதான். கரி மறுபடி எரியும், சாம்பல் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். வண்டியில் மாட்டியிருக்கும் டிபிஎஃப்பில் அள்ளுவதற்கு வழியில்லை. அதனால்தான் 2006இல் வந்த சிஜே-4 தரத்திலிருந்து சல்ஃபேட் சாம்பல் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2016 டிசம்பரில் வந்த சிகே-4க்கும் அதே வரம்பு. சிஐ-4 குடும்பத்துக்கு அந்த வரம்பு கிடையாது. அது கெட்ட ஆயில் இல்லை, இந்த வண்டிக்கானது இல்லை, அவ்வளவுதான்.

டிப்ஸ்டிக்கிலிருந்து ஆய்வகம் வரை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்தேன். மேல் கோட்டுக்கு ஒரு விரல் அகலத்துக்கு மேலே நின்றது. மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. விரலிடுக்கில் தேய்த்தால் வழுக்கல் இருக்கிறது, பிசுபிசுப்பு இல்லை. சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர் இருந்தால் தாளிக்கிற கடுகு மாதிரி படபடக்கும். படபடக்கவில்லை. சரி, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் தப்பித்தது.

அப்புறம் வடிதாளில் ஒரு சொட்டு. இதைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். தாள் எதிலும் ஒட்டாமல் ஒரு டம்ளர் வாய்மேல் வைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டேன். காலையில் நடுவில் கறுப்பு, சுற்றிலும் சீராகப் பரவிய சாம்பல் நிறம், அதற்கும் வெளியே அகலமாக ஒரு வெளிர்மஞ்சள் வளையம். நடுக்கறுப்பு ஓரம் கட்டி நிற்காமல் பரவியிருப்பதால் கரியைத் தாங்கும் சக்தி ஆயிலுக்கு இன்னும் இருக்கிறது. வெளிவளையம் அவ்வளவு தூரம் ஓடியிருப்பது டீசல் கலந்ததற்கு அடையாளம். காசு செலவில்லாத சோதனை, ஆனால் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும். எவ்வளவு டீசல் என்று அது சொல்லாது.

ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டிரெயின் நட்டைக் கழற்றியதும் முதலில் ஒழுகுகிறதைப் பிடித்தால் அடியில் தங்கிய கசடுதான் பாட்டிலுக்குள் போகும். நான் வண்டியைக் கொண்டப்பநாயக்கன்பட்டி வரை ஓட்டிவந்து, சூடு குறைவதற்குள் டிப்ஸ்டிக் துளை வழியாகப் புதுக் குழாய் விட்டு, சம்ப்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நடு ஆழத்திலிருந்து 100 மில்லி உறிஞ்சி எடுத்தேன். பாட்டில்மேல் எழுதியது: மொத்த ஓட்டம், இந்த ஆயிலில் ஓடியது 6,800 கிலோமீட்டர், இடையில் மேலூற்றல் இல்லை. இன்னொரு பாட்டிலில் அதே பேரலின் புது ஆயில். இந்த இரண்டாவது பாட்டிலுக்கும் சேர்த்துக் கட்டணம் கட்ட அண்ணனுக்கு மனசில்லை. "புதுசைப் போய் எதுக்குங்க டெஸ்ட் பண்றது?"

அந்தப் புது ஆயில் இல்லாவிட்டால் நான் கோமாளி ஆகியிருப்பேன். பழைய ஆயில் அறிக்கையில் மெக்னீசியம் நூற்றுக்கணக்கில் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தது. எங்கள் ஊர் சுண்ணாம்புக் கரடு முழுக்க மேக்னசைட். மேக்னசைட் என்பது மெக்னீசியம் கார்பனேட். சுரங்கப் பக்கத்துத் தூசி இன்ஜினுக்குள் போய்விட்டது என்று அரைமணி நேரம் நம்பினேன், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லியும் விட்டேன். புது ஆயில் அறிக்கையைப் புரட்டினால் அதிலும் ஏறக்குறைய அதே எண். ஆயில் தயாரிக்கும்போதே அழுக்குநீக்கியாகச் சேர்த்த மெக்னீசியம்தான் அது. கடைக்காரரிடம் போய் வாபஸ் வாங்கினேன்.

உண்மையில் பேசிய எண்கள் வேறு. 100 டிகிரியில் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தனம், புது ஆயிலில் 14.5 சென்டிஸ்டோக், பழையதில் 11.0. எஸ்ஏஇ ஜே300 என்கிற ஆயில் கிரேடு அட்டவணைக் கணக்கில் 40 கிரேடு என்றால் 12.5க்குக் குறையக் கூடாது. அதாவது கேனில் 40 என்று போட்ட ஆயில் சம்ப்புக்குள் 30 கிரேடாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கலந்த டீசல் 7 சதவீதம். ஆறு லிட்டரில் நானூறு மில்லி சொச்சம். கூடியிருந்த ஆயிலின் பெருமை அதுதான்.

அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை எண் 10.4இலிருந்து 6.1. பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆக்ஸிஜனேற்றமும் பெரிதாக இல்லை. ஆயில் கெட்டுப்போகவில்லை. நல்ல ரசத்தில் தண்ணீரை ஊற்றியது போல நீர்த்துப் போயிருக்கிறது.

தேய்மானத்தைக் காட்டும் இரும்பு 102 பிபிஎம். ஆயிரம் கிலோமீட்டருக்கு 15 என்று வைத்துக்கொள்ளலாம். சிலிக்கான் 34, புது ஆயிலில் 5. நுரையடக்கியாகக் கொஞ்சம் சிலிக்கான் புது ஆயிலிலேயே இருக்கும், மீதி மண். அலுமினியமும் கூடவே ஏறி 15இல் நின்றது. சிலிக்கானும் அலுமினியமும் கைகோத்து ஏறினால் மண் தூசியைச் சந்தேகிக்க வேண்டும். பொட்டாசியம், சோடியம் இல்லை என்பதால் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) கலந்த அடையாளம் இல்லை.

டீசல் எங்கிருந்து, மண் எங்கிருந்து

டிபிஎஃப்பில் கரி சேர்ந்ததும் வண்டியின் கம்ப்யூட்டர் அதை எரிக்க முடிவு செய்யும். ஒர்க்‌ஷாப் பேச்சில் ரீஜென். வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்ற, பல இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் நேரத்தில் சிலிண்டருக்குள் கூடுதலாகக் கொஞ்சம் டீசல் பீய்ச்சுவார்கள். அது எரியாமல் வெளியே போய் அங்கே எரிய வேண்டும். ஆனால் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங் வழியாக சம்ப்புக்கு இறங்கும். பெட்ரோல் என்றால் சூட்டில் ஆவியாகிப் போகும், டீசல் லேசில் போகாது.

ஒரு ரீஜென் முழுசாக முடிந்தால் இறங்கும் டீசல் சொற்பம். பாதியில் வண்டியை அணைத்தால் அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பிக்கும். எஸ்டேட்டில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் அது எங்கே முடியும்? ஆரம்பிக்கும், அணைப்பார்கள், மறுபடி ஆரம்பிக்கும். மலை இறக்கமும் உதவாது. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் பிடிப்பில் இறங்கும்போது புகைப்பாதை குளிர்ந்துவிடும். லோடோடு ஏறுவதுதான் டிபிஎஃப்புக்கு உண்மையில் நல்லது. இன்ஜினைக் கொல்கிறது என்று நாங்கள் பழி போட்ட 20 வளைவுதான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மண்ணைக் கண்டுபிடிக்க வெள்ளைத் துணி போதுமானதாக இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலான ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே துணியால் துடைத்தேன். செம்மண் நிறத்தில் ஒரு கோடு. ஃபில்டரைக் கடந்த பிறகு அந்த இடம் பளிச்சென்று இருக்க வேண்டும். ஃபில்டரை எடுத்து உள்ளே டார்ச் அடித்தால் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் ஊசி முனை அளவில் வெளிச்சம். போன சர்வீஸில் என்னிடம் வேலை பார்க்கும் பையன் கம்ப்ரசர் குழாயை ஒட்ட வைத்து "ஏர் அடிச்சு" மாட்டியிருக்கிறான். பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவன் நான். இரண்டாவது தப்பு. அந்தக் குழாயின் கிளிப்பும் தளர்ந்திருந்தது. அதைப் பையன் தலையில் போட முடியாது, மலைப்பாதை ஆட்டம்.

டர்போவைத் தொட்டுப் பார்த்தேன். சக்கரத்தின் நடு நட்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் மயிரிழை ஆட்டம் இருந்தது. ஆயில் படலத்தில் மிதக்கும் பேரிங்குக்கு அது சகஜம். முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. தெரியவில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற தண்டு அது, சக்கரம் உறையில் உரசிய தடமும் இல்லை. விசில் சத்தம் தளர்ந்த கிளிப்பிலிருந்து வந்த காற்றுக்கசிவு. எட்டாவது வளைவுக்கு மேல் இழுக்காததற்குக் கிளிப்பும் அடைத்த டிபிஎஃப்பும் சேர்ந்து காரணம். ஆயிலின் மேல் போட்ட வழக்கு இங்கேயே பாதி தள்ளுபடி.

20டபிள்யூ-50 ஏன் வேண்டாம் என்றேன்

அண்ணன் விடவில்லை. "இளகிப் போச்சுன்னா கெட்டியா ஊத்துறதுதானே நியாயம்?"

நியாயமாகத்தான் தோன்றும். தேய்ந்த பழைய இன்ஜினுக்கு நானே அதை ஊற்றியிருக்கிறேன். இங்கே சிக்கல் மூன்று. நீர்ப்பது நிற்காத வரை கெட்டி ஆயிலும் நீர்க்கத்தான் போகிறது. மார்கழி விடியலில் நாகலூரில் குளிர் கடிக்கும்போது கெட்டி ஆயில் டர்போ பேரிங்கை அடையத் தாமதமாகும், அந்தச் சில விநாடிகள்தான் தண்டுக்குக் கண்டம். கடைசியாக, நம் கடைகளில் இருக்கும் 20டபிள்யூ-50இல் பெரும்பாலானவை டிபிஎஃப்புக்கான குறை சாம்பல் ரகம் கிடையாது.

கையேட்டைப் பிரித்தோம். இரண்டு வழி கொடுத்திருந்தார்கள்: ஏசிஇஏ என்கிற ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கத்தின் சி3 தரத்தில் 5டபிள்யூ-30, அல்லது சிகே-4 தரத்தில் 15டபிள்யூ-40. அண்ணனுக்கு 30 என்ற எண்ணே பிடிக்கவில்லை, தண்ணீராக இருக்குமே என்றார். இதில் ஒரு நுட்பம் உண்டு. 150 டிகிரியில், பேரிங் இடுக்கில் நசுங்கும்போது படலம் எவ்வளவு தாங்குகிறது என்று ஒரு அளவு எடுப்பார்கள், எச்டிஎச்எஸ். சாதாரண 5டபிள்யூ-30க்கு அது 2.9 இருந்தால் போதும். சி3 முத்திரை வேண்டுமென்றால் 3.5 இருந்தாக வேண்டும். 15டபிள்யூ-40க்கு 3.7. ஆகக் கேனில் ஒரே 5டபிள்யூ-30 என்று இருந்தாலும் எல்லாம் ஒன்றாகாது, பின்பக்கச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். சிகே-4ஓடு கூடப் பிறந்த எஃப்ஏ-4 என்று ஒன்றும் உண்டு. அது வேண்டுமென்றே இளக்கமாகச் செய்தது, அதற்கென்று வடிவமைத்த இன்ஜினுக்கு மட்டும்.

இரண்டையும் ஊற்றிப் பார்த்துவிடுவோம் என்று பேசி முடித்தோம்.

ஊற்றிப் பார்த்தது

தை மாதக் கடைசி. புது ஏர் ஃபில்டர், புதுக் குழாய், புதுக் கிளிப். ஸ்கேனர் போட்டு நிறுத்தி வைத்து ஒரு ரீஜென் முடித்தோம். பழைய ஆயிலை எவ்வளவு வடித்தாலும் மூலைமுடுக்கில் கொஞ்சம் தங்கும், அது அடுத்த கணக்கைக் கெடுக்கும். அதனால் சிகே-4 ஊற்றி 500 கிலோமீட்டர் ஓட்டி அதையும் வடித்துவிட்டுத்தான் நோட்டில் பூஜ்யம் எழுதினேன். ஆறு லிட்டர் வீண் என்று அண்ணன் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

ஓட்டுவதில் இரண்டு மாற்றம் கேட்டேன். ஐடில் வேகம் கொஞ்சம் ஏறி, ஃபேன் ஓடி, சூட்டு வாடை வந்தால் ரீஜென் நடக்கிறது, அணைக்க வேண்டாம். லீ பஜார் வரும் நாளில் ஃபில்டர் விளக்கு எரிந்திருந்தால் ஓமலூர் வரை சீரான வேகத்தில் ஒரு இருபது நிமிடம் போய் வரவேண்டும். இன்னொன்று, லோடோடு ஏறி ஏற்காடு ஒண்டிக்கடையில் டீக்கு நிறுத்தும்போது ஒரு நிமிடமாவது ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஏறி முடித்த டர்போ கொதித்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்தால் பேரிங்கில் நின்ற ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும்.

சிகே-4 15டபிள்யூ-40 சித்திரைவாக்கில் 5,000 முடித்தது. டீசல் கலப்பு 3.5 சதவீதம், பாகுத்தன்மை 14.8இலிருந்து 13.1, சிலிக்கான் 11, இரும்பு 41. ஆயிரத்துக்கு 8. பாதியாகக் குறைந்துவிட்டது.

அடுத்து சி3 5டபிள்யூ-30, அதே 5,000. இரும்பு 33, டீசல் 2 சதவீதத்துக்கும் கீழே, பாகுத்தன்மை 12.0இலிருந்து 11.4. அண்ணன் துள்ளிக் குதித்தார், இதுதான் ஜெயித்தது என்று. நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அந்த மூன்று மாதம் பறிப்பே இல்லை, வண்டி பெரும்பாலும் ரோட்டில்தான் ஓடியது. ஆயில் ஜெயித்ததா, சீசன் ஜெயித்ததா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் இடையில் ஒரு தடவை கணக்கில் சேர்க்காமல் மாற்றிவிட்டு, கார்த்திகையில் பறிப்பு தொடங்கியபோது மறுபடி சி3யே ஊற்றினோம். இந்தத் தடவை டீசல் 3 சதவீதம், பாகுத்தன்மை 10.9, இரும்பு ஆயிரத்துக்கு 7.5.

ஆகத் தேய்மானத்தில் இரண்டு ஆயிலுக்கும் நடுவே என் நோட்டில் தெரிகிற வித்தியாசம் ஒன்றும் இல்லை. 15இலிருந்து 8க்கு இரும்பைக் கொண்டுவந்தது முப்பது ரூபாய்க் கிளிப்பும், கிழியாத ஃபில்டரும், சாவியைத் திருப்பாமல் காத்திருந்த நிமிடங்களும்தான். ஒரே வண்டி, நாலு மாதிரி. இதை வைத்து எல்லா வண்டிக்கும் தீர்ப்பு எழுத மாட்டேன்.

ஆனாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சிகே-4 15டபிள்யூ-40 என்றேன். சி3யில் சாம்பல் வரம்பு 0.8 சதவீதம், இதில் 1.0. டிபிஎஃப்புக்கு சி3தான் நல்லது என்பது தெரிந்தேதான் சொன்னேன். எஸ்டேட்டில் எவ்வளவு சொன்னாலும் பறிப்புக் காலத்தில் மூன்று சதவீத டீசல் கலக்கத்தான் போகிறது. அந்தக் கலப்போடு சி3யின் படலம் 3.5க்குக் கீழே இறங்கியிருக்கும். 15டபிள்யூ-40க்கு இறங்குவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது, 13.1 என்பது இன்னும் 40 கிரேடுதான். கையேடு 10,000 வரை ஓட்டலாம் என்கிறது, நாங்கள் 5,000இல் மாற்றுகிறோம். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நோட்டில் கோடிட்டு வைத்திருக்கிறேன். சி3 ஊற்றிய இரண்டு முறையும் காப்பர் ஏறியது, 6இலிருந்து 21, அப்புறம் 19. டர்போ பேரிங்கும் காப்பர் கலந்த உலோகம்தான் என்பதால் பயந்து, கடைசி ஃபில்டரை அறுத்து மடிப்பு மடிப்பாக வெள்ளைத் தாளில் விரித்தேன். ஆய்வகத்துக் கருவி நுண்துகளைத்தான் எண்ணும், கண்ணுக்குத் தெரிகிற பெரிய துகள் அதில் விட்டுப்போகும். செம்பு நிறத்தில் ஒரு மினுக்கமும் இல்லை, காந்தத்தில் ஒட்டியதும் மெல்லிய கறுப்புப் பொடி மட்டும். ஈயமும் வெள்ளீயமும் ஏறவில்லை. பேரிங் தேய்ந்தால் அவை காப்பரைத் தனியாக விடாது. ஆயில் கூலரின் உட்சுவர்க் காப்பரைப் புது ஆயிலின் மருந்து கொஞ்சம் கரைப்பதாக இருக்கலாம், ஆயில் ரகம் மாறும்போது அப்படி நடப்பதுண்டு. இப்போது சிகே-4 ஓடுகிறது. வைகாசியில் அண்ணன் பலாப்பழ லோடோடு இறங்கும்போது அடுத்த பாட்டிலை எடுக்கிறேன்.